லோத்தலா, தோலாவீராவா? கிளம்பும் முன் சில குறிப்புகள்

குஜராத் போகிறவர்கள் சோமநாதர், துவாரகை என்று பட்டியல் போட்டுவிட்டு, கடைசியில் “அப்படியே சிந்துவெளி ஊர் ஒன்றையும் பார்த்துவிடலாமே” என்பார்கள். சிக்கல் அங்கேதான். லோத்தல் ஒரு மூலை, தோலாவீரா இன்னொரு மூலை. ஒரே பயணத்தில் இரண்டையும் திணித்தால் காரில் உட்கார்ந்ததுதான் மிச்சமாகும். நாங்கள் இரண்டு தடவையாகப் போய்ப் பட்டுத் தெரிந்துகொண்டவை இவை.

1. முதலில் நாள் கணக்கு. லோத்தல் அகமதாபாத்திலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் சாயங்காலம் திரும்பிவிடலாம். தோலாவீராவுக்கு அகமதாபாத்திலிருந்து புஜ் வரை 330 கிலோமீட்டர் போல. அங்கிருந்து காவ்டா வழியாக இன்னும் 130-க்கு மேல். கையில் மூன்று நாள் இல்லையென்றால் அடுத்த விடுமுறைக்குத் தள்ளிவிடுங்கள்.

2. சென்னைக்காரர்கள் அகமதாபாத்துக்கு நவஜீவன் எக்ஸ்பிரஸில் போகலாம். தென்மாவட்டத்தினருக்கு நாகர்கோவில், திருநெல்வேலியிலிருந்து காந்திதாம் வரை வாராந்திர ரயில்கள் உண்டு. காந்திதாமிலிருந்து புஜ் பக்கம்தான்.

3. வீட்டுப் பெரியவர்களின் முழங்காலைக் கேட்டு முடிவெடுங்கள். லோத்தல் சமதரை, சின்ன இடம், ஒன்றரை மணி நேரத்தில் நிதானமாகச் சுற்றிவிடலாம். தோலாவீராவில் மேடு, படி, சரளைக்கல். மர நிழல் அரிது. என் மாமியார் கோட்டை மேட்டில் பாதி ஏறி, “நீங்க பாத்துட்டு வாங்க, நான் இப்படியே உக்கார்றேன்” என்று குடையை விரித்துவிட்டார்.

4. வெள்ளிக்கிழமை போகாதீர்கள். அன்று லோத்தல் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. முதல் தடவை அது தெரியாமல் போய், பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். தப்பு எங்கள்மேல்தான். முத்திரை, மணி, எடைக்கல் எல்லாம் உள்ளேதான் இருக்கின்றன. அவற்றைப் பார்க்காவிட்டால் வெளியே தெரிவது வெறும் செங்கல்.

5. நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் சரியான காலம். கோடையில் தோலாவீரா இருக்கும் கட்ச் பகுதியின் வெயில் தாங்காது. மழைக்காலத்தில் அங்குள்ள உப்புப் பாலையான ரண் முழுக்கத் தண்ணீர் நிற்கும். ரண் உற்சவம் நடக்கும் மாதங்களும் இவைதான் என்பதால் புஜ்ஜில் அறை வாடகை ஏறிவிடும், முன்பதிவு அவசியம்.

6. லோத்தலில் முக்கியம் அந்தப் பெரிய செங்கல் தொட்டி. நீளம் 200 மீட்டருக்கு மேல். 1955 முதல் அங்கே அகழாய்வு நடத்திய எஸ்.ஆர்.ராவ் அதைக் கப்பல் துறை என்றார். இல்லை, அது வெறும் நீர்த்தேக்கம் என்று மறுத்தவர்களும் உண்டு. பூம்புகார் கடலடி ஆய்விலும் ஈடுபட்டவர் இதே ராவ்தான். மணி செய்த பட்டறையையும் விட்டுவிடாதீர்கள். சூதுபவள மணிகளைச் சூளையில் சுட்டுச் சிவப்பேற்றியிருக்கிறார்கள். நம் கொடுமணலிலும் அந்தக் கல்லில் மணி செய்த தொழில் இருந்தது.

7. தோலாவீராவில் முதலில் தண்ணீர் விஷயத்தைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். உப்புப் பாலைக்கு நடுவே காதிர் என்ற தீவுத் திட்டு. ஊருக்கு இரு பக்கமும் மன்சர், மன்ஹர் என்று மழைக்கு மட்டும் ஓடும் இரண்டு ஓடைகள். அவற்றை அணை கட்டித் திருப்பி, ஊரைச் சுற்றி வரிசையாகக் குளங்களில் நிரப்பி வைத்திருக்கிறார்கள். கிழக்குக் குளம் 73 மீட்டர் நீளம், 10 மீட்டருக்கு மேல் ஆழம். படிக்கட்டோடு பார்க்கும்போது நம் ஊர்த் தெப்பக்குளம் வற்றிக் கிடப்பது போலவே இருக்கிறது. மேட்டின்மேல் விழும் மழையைக்கூட விடவில்லை. கல் பாவிய வடிகால்கள் வைத்துப் பிடித்திருக்கிறார்கள். வடக்கு வாசலருகே பத்து எழுத்துள்ள பலகை கிடைத்தது. மரம் மட்கிப் போயிருந்தது. அதில் பதித்த ஜிப்சம் எழுத்துகள் மட்டும் விழுந்த வரிசையிலேயே கிடந்தன. என்ன எழுதியிருக்கிறது என்று இன்றுவரை யாரும் உறுதியாகப் படித்துச் சொல்லவில்லை.

8. சாப்பாடு: புளியோதரை ஒரு நாள் தாங்கும், கட்டிக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் கம்பு ரொட்டி கிடைக்கும். தால் பல இடங்களில் இனிக்கும். குழந்தைகளுக்குக் கிச்சடியும் ‘கடி’ என்ற மோர்க்குழம்பும் ஒத்துக்கொள்ளும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தொப்பி, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு கட்டாயம். ரண்ணில் இறங்கி நடந்தால் செருப்பை அன்றே கழுவிவிடுங்கள், உப்பு அரித்துவிடும்.

9. காலடியில் பானை ஓடு கிடந்தால் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். ஞாபகத்துக்கு என்று பையில் போட்டுக்கொள்வது சட்டப்படி குற்றம். மணிதான் வேண்டுமென்றால் கம்பாத் ஊரில் இன்றும் சூதுபவளத்தில் செய்து விற்கிறார்கள்.

10. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால்? சின்னக் குழந்தையோ வயதானவரோ கூட வந்தால் லோத்தல், சந்தேகமே வேண்டாம். இல்லையென்றால் நான் தோலாவீரா என்பேன். 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததற்காக அல்ல. இரு பக்கமும் வெள்ளை உப்பு விரிந்து கிடக்க, நடுவே கோடு போட்டது போல் ஓடும் அந்தக் காவ்டா சாலைக்காகவே போகலாம். புஜ்ஜிலேயே டேங்க்கை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.