சுவர் இல்லாத நாடு

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. (தாவரவியல்)

‘அஸைலம்’ என்ற ஆங்கிலச் சொல்லைச் செய்தித்தாளில் அடிக்கடி காண்கிறோம். புகலிடம் என்று பொருள் கொள்கிறோம். அதன் வேர் கிரேக்க மொழியில் உள்ளது. ‘அசிலோஸ்’ என்றால் கொள்ளையிடக் கூடாதது. ஆளுக்கு மட்டுமன்று, கோயிலுக்கும், நிலத்துக்கும், சில வேளைகளில் ஒரு நாடு முழுமைக்குமே அவர்கள் இவ்வுரிமையைப் பேசினர். தாவரவியல் மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். உழவன் வீட்டில் பிறந்தவனுக்கு நிலத்தைப் பற்றிய எந்தச் செய்தியும் அயலானதன்று.

தென் கிரீஸின் மேற்குக் கரையில் எலிஸ் என்றொரு நாடு இருந்தது. ஒலிம்பிக் விளையாட்டுகளை நடத்தியவர்கள் அந்நாட்டார். நாடு முழுவதும் ஜீயஸ் கடவுளுக்கு உரியது; அதன்மேல் படையெடுப்பவன் மட்டுமன்று, அதைக் காக்க வராதவனும் சாபத்துக்கு ஆளாவான் என்று கிரேக்கர் ஆணையிட்டனராம். அவ்வழியே செல்லும் படைகள் ஆயுதங்களை ஒப்படைத்துவிட்டு, எல்லையைக் கடந்தபின் திரும்பப் பெற்றனவாம். எஃபோரஸ் எழுதியதைக் கொண்டு ஸ்ட்ராபோ இதைக் கூறுகிறார். பிற்காலத்தார் கட்டிய கதை என்று ஆய்வாளர் பலர் ஐயுறுகின்றனர். ஆயுதத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நடந்த படையை நானும் வேறெங்கும் படித்ததில்லை! ஆனால் எலிஸ் நகருக்குச் சுவர் இல்லை என்பதைச் செனஃபனும் எழுதுகிறார்.

அவர் அதை எழுதும் இடந்தான் வேதனைக்குரியது. கி.மு. 400ஐ ஒட்டி ஸ்பார்ட்டா அரசன் ஆகிஸ் எலிஸுக்குள் புகுந்தான். முதன்முறை நிலம் நடுங்கியது. தெய்வக் குறி என்றஞ்சித் திரும்பினான். மறுபடி வந்தபோது எதுவும் நடுங்கவில்லை. மரங்களை வெட்டினான், ஆடுமாடுகளையும் அடிமைகளையும் ஓட்டிச் சென்றான். செய்தி கேட்ட ஆர்க்காடியரும் அக்கேயரும் அழையாமலே வந்து பங்கு கொண்டனர். காக்க வராதவனுக்குச் சாபம் என்றால், பங்குக்கு வந்தவனுக்கு என்ன பெயர்?

கி.மு. 364இல் நடந்தது இதனினும் கொடியது. அப்போது ஒலிம்பியா ஆர்க்காடியர் வசம் இருந்தது. விளையாட்டுகள் நடந்துகொண்டிருக்கும்போதே எலிஸ் நாட்டார் படையுடன் வந்து கோயில் வளாகத்திலேயே போரிட்டனர். ஜீயஸ் கோயிலின் மேலிருந்தும் மண்டபங்களின் மேலிருந்தும் அவர்கள்மீது எறிபடைகள் விழுந்தன. தம் நிலத்தின் புனிதத்தைப் பேசிய மக்களே அங்கே வாளேந்தி நின்றார்கள்.

இத்தனைக்குப் பிறகும் அந்த மண் மீண்டும் செழித்தது. நான் மிக விரும்பிப் படித்த பகுதி பாலிபியஸ் எழுதியது. எலிஸ் மக்கள் வயலை அவ்வளவு நேசித்தனர். வசதி இருந்தும் இரண்டு மூன்று தலைமுறையாக நகரத்து நீதிமன்றத்தை எட்டிப் பாராத குடும்பங்கள் இருந்தன. வழக்குகள் அவரவர் ஊரிலேயே தீர்க்கப்பட்டன என்கிறார். வரப்புத் தகராறுக்காக முன்சீப் கோர்ட்டுப் படிகளை எண்ணித் தேய்ந்த குடும்பத்திலிருந்து வருபவன் நான். அந்த வரிகளை இருமுறை படித்தேன்.

அந்தச் செழிப்பே படையை அழைத்தது. எலிஸ் ஏட்டோலியருடன் கூட்டுச் சேர்ந்திருந்த காலம். கி.மு. 219-218 குளிர்காலத்தில் மாசிடோனிய அரசன் ஐந்தாம் பிலிப் வயல்வெளிகளைச் சூறையாடினான். தலமை என்ற ஒரே இடத்தில் பிடிபட்டோர் 5,000 பேருக்கு மேல். பழைய உரிமையை இழந்தபின், அமைதி வந்த காலத்தில் அதை மீண்டும் கேட்டுப் பெறாதது எலிஸ் மக்களின் தவறு என்று பாலிபியஸ் கடிந்துகொள்கிறார். கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்பது வேறு கேள்வி.

கேட்டுப் பெற்ற ஊர் ஒன்று உண்டு. ஆசியா மைனரில் இருந்த மாக்னீசியா. கி.மு. 208இல் அவ்வூரார் தம் ஆர்ட்டெமிஸ் திருவிழாவை ஏற்குமாறும், ஊரையும் நிலத்தையும் கொள்ளைக்கு அப்பாற்பட்டதாக ஒப்புக்கொள்ளுமாறும் வேண்டி, அரசர்களுக்கும் நகரங்களுக்கும் தூதர்களை அனுப்பினர். வந்த மறுமொழிகளைச் சந்தை மண்டபச் சுவரில் வெட்டி வைத்தனர். 60க்கு மேற்பட்டவை இன்றும் கிடைக்கின்றன. அவற்றுள் கால்கிஸ் நகரத்தார் அனுப்பிய தீர்மானம் ஒன்று. மாக்னீசியருக்காகத் தங்களுக்கு ஓர் அரசன் கடிதம் எழுதினான் என்று அதில் குறித்திருக்கிறார்கள். அந்த அரசன், எலிஸின் வயல்களைச் சூறையாடிய அதே பிலிப்.