சாதாரண சளி, ஆஸ்துமா உள்ளவருக்கு மட்டும் ஏன் சாதாரணமில்லை?

ஹாஸ்டல்ல ஒருத்தருக்குச் சளி பிடிச்சா, ரெண்டே நாள்ல அந்த விங் முழுக்கத் தும்மும். பலருக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிடும். ஆஸ்துமா உள்ள நண்பருக்கு மட்டும் நெஞ்சு இறுகி, மூச்சு விசிலடிக்கும். வைரஸ் ஒன்றுதான்; வித்தியாசம் மூச்சுக்குழாயில்.

முக்கியக் காரணம் ரைனோவைரஸ். இன்ஃப்ளூயன்சா, ஆர்.எஸ்.வி. போன்றவையும் உண்டு. கனடாவில் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், செப்டம்பரில் ஆஸ்துமாவுக்காக மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளின் எண்ணிக்கை உச்சத்தைத் தொடும். 2020-ல் ஊரடங்கு, மாஸ்க் என்று இருந்தபோது பல நாடுகளில் ஆஸ்துமா தாக்குதல்கள் குறைந்தன. ரெண்டும் சொல்வது ஒண்ணுதான்.

உள்ளே என்ன நடக்குது?

1. வைரஸ் மூச்சுக்குழாயின் உட்சுவர் செல்களுக்குள் புகுகிறது. அவை இன்டர்ஃபெரான் சுரந்து பக்கத்து செல்களை எச்சரிக்க வேண்டும். ஆஸ்துமா உள்ள பலருக்கு இந்த அலாரம் மெதுவாகத்தான் அடிக்கிறது.

2. அடிபட்ட செல்கள் விடும் வேதிச் செய்திகள் இயோசினோஃபில் போன்ற வெள்ளணுக்களை வரவழைக்கின்றன. ஏற்கெனவே இருக்கும் அழற்சி மேலும் கூடுகிறது.

3. சுவர் வீங்கும், சளி அடைக்கும், சுற்றியுள்ள தசை இறுகும்.

இங்கேதான் நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் வருது. சீரான ஓட்டத்தில் குழாயின் தடை, ஆரத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதம். ஆரம் பாதியானால் தடை 16 மடங்கு! சின்ன வீக்கம்கூட மூச்சை முட்டவைப்பது இதனால்தான்.

சரி, என்ன செய்யணும்?

சால்பியூட்டமால் இன்ஹேலர் தசையைத் தளர்த்தும், வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தைக் குறைப்பது ஸ்டீராய்டு இன்ஹேலர். அதனால்தான் 2019-லிருந்து சர்வதேச வழிகாட்டியான ஜினா, சால்பியூட்டமாலை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்கிறது. "இன்ஹேலர் பழகிடும்டா" என்று சொல்லி யாரையும் நிறுத்த வைக்காதீங்க. அதில் போவது மைக்ரோகிராம் அளவு மருந்து; அடிமையாக்காது. டாக்டர் சொன்னபடி, நல்லா இருக்கும் நாளிலும் எடுக்கணும். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்க.

ஒரு வாக்கியத்தை முழுசாப் பேச முடியலை, உதடு நீலமாகுது, இன்ஹேலர் எடுத்தும் அடங்கலை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீங்க. நிமிர்ந்து உட்கார வையுங்க, 108-ஐக் கூப்பிடுங்க. பக்கத்துக் கட்டிலில் இருப்பது நீங்கதானே!