வறட்சி கற்பித்த முன்னுரிமைகள்: புனே வட்டார வேளாண் ஆராய்ச்சி

வேளாண் ஆராய்ச்சிக்கு அரசு ஒதுக்கும் நிதி அளவுக்கு உட்பட்டது. எனவே எந்தப் பயிருக்கு, எந்த நிலத்துக்கு, எந்த உழவருக்கு முதலிடம் தருவது என்பது அறிவியல் வினா மட்டுமன்று. சமூக வினாவும் ஆகும். மகாராஷ்டிர மாநிலத்தின் புனே மாவட்டம் இதனை நன்கு விளக்குகிறது.

இம்மாவட்டத்தின் மேற்கு எல்லையில், மலைத்தொடரின் மேலுள்ள லோணாவளாவில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. கிழக்கே மழை மறைவுப் பகுதியான பாராமதியில் அது 500 மில்லிமீட்டரை ஒட்டியே உள்ளது.

கால்வாயும் கரும்பும்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நீரா ஆற்றுக் கால்வாய் இவ்வறண்ட பகுதிக்கு நீர் கொணர்ந்தது. கரும்பு பெருகியது, அளவு மீறிப் பாய்ச்சிய இடங்களில் நீர் தேங்கி, நிலம் உவராயிற்று. பாசன முறைகளைச் சீர்செய்ய 1916இல் பம்பாய் மாகாண அரசு தனிப் பிரிவொன்றை அமைத்தது. அதுவே வளர்ந்து, கடக்வாஸ்லாவில் மத்திய நீர், மின்சக்தி ஆராய்ச்சி நிலையமாக விளங்குகிறது.

மானாவாரி ஆராய்ச்சி

கால்வாய் எட்டாத நிலங்களுக்கான ஆராய்ச்சி 1923இல் புனேக்கு அருகிலுள்ள மாஞ்சரிப் பண்ணையில் தொடங்கியது. வி. ஏ. தாம்ஹனே இதன் முன்னோடி. பின்னர் 1930களில் சோலாப்பூர், பீஜப்பூர் முதலிய இடங்களில் ஆராய்ச்சி நிலையங்கள் எழுந்தன. வரப்பமைத்தல், மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆழ உழுதல், தொழு உரமிடல், விதையளவைக் குறைத்து இடைவெளி விட்டு விதைத்தல், இடையுழவு ஆகியவை அடங்கிய 'பம்பாய் வறள் சாகுபடி முறை' உருவாயிற்று.

ஆயினும் இம்முறையால் விளைச்சல் 15 முதல் 20 சதவீதமே உயர்ந்தது. மண்ணின் ஈரம் காக்கப்பட்டபோதும் அதனைப் பயன்படுத்தி அதிகம் விளையக்கூடிய விதை அன்று இல்லை. மண், நீர், விதை மூன்றையும் ஒருசேர ஆராய வேண்டும் என்பதே இதன் படிப்பினை. 1970இல் தொடங்கிய அகில இந்திய மானாவாரி வேளாண்மை ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம் இவ்வழியில் அமைந்தது.

இன்றைய முயற்சிகள்

2009இல் பாராமதிக்கு அருகே மாலேகாவில், வறட்சி, வெப்பம், உவர் போன்ற இடர்ப்பாடுகளை ஆராயும் தேசிய நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. புனேயின் அகர்கர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய எம்.ஏ.சி.எஸ். 4028 என்னும் கோதுமை, தீபகற்ப மானாவாரி நிலங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. சுமார் 102 நாளில் முதிரும் இதில் புரதம் 14.7 சதவீதம், இரும்பும் துத்தநாகமும் மிகுதி. விளைச்சலோடு ஊட்டமும் ஆராய்ச்சியின் இலக்காகியிருப்பதற்கு இது சான்று.

கரும்பின் நிலை வேறு. கூட்டுறவு ஆலைகளின் உறுப்பினர்களான விவசாயிகள் 1975இல் தமக்கென ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தை மாஞ்சரியில் அமைத்துக்கொண்டனர். கோயம்புத்தூரில் உருவான கோ 86032 கரும்பும் இம்மாநிலத்தில் பரவியுள்ளது. சோளமும் கம்பும் விதைக்கும் மானாவாரி உழவருக்கோ ஆலையும் இல்லை, அத்தகைய சொந்த நிறுவனமும் இல்லை. அவர் நம்பியிருப்பது பொதுநிதியையே. அரசின் முன்னுரிமை அவர்பால் சாய வேண்டியதன் காரணம் இதுவே.

பங்கீடும் ஆராய்ச்சிக்குரியதே

1972ஆம் ஆண்டுக் கடும் வறட்சிக்குப் பின், விலாஸ்ராவ் சாளுங்கே என்னும் பொறியாளர் புரந்தர் வட்டத்து நாய்காவில் 'பாணி பஞ்சாயத்து' இயக்கத்தைத் தொடங்கினார். நிலத்தின் பரப்பை நோக்காது, ஆளுக்கு அரை ஏக்கர், குடும்பத்துக்கு அதிக அளவாக இரண்டரை ஏக்கர் என நீர் பங்கிடப்பட்டது. நிலமற்றோருக்கும் பங்குண்டு, கரும்புக்கு இடமில்லை. நீரைச் சேமிக்கும் நுட்பம் மட்டும் போதாது, சேமித்த நீர் யாரைச் சேர்கிறது என்பதும் முக்கியம் என்பதை இம்முயற்சி உணர்த்தியது. சொட்டுநீர்ப் பாசனத்தால் மிஞ்சும் நீர் மேலும் கரும்புக்கே பாயுமாயின், அண்டை ஊரின் கிணறு நிரம்பாது.

ஆகவே ஓர் ஆராய்ச்சித் திட்டத்தை மதிப்பிடும்போது ஏக்கருக்கு எத்தனை குவிண்டால் என்பதோடு, செலவான நீருக்கு எவ்வளவு உணவு, மழை பொய்த்த ஆண்டில் எவ்வளவு விளைவு, பத்தாண்டுக்குப் பின் மண்ணின் நிலை என்ன என்பவற்றையும் கேட்டறிதல் வேண்டும். இவ்வினாக்கள் புனேக்கு மட்டும் உரியனவல்ல. கோவில்பட்டிக் கரிசலுக்கும் பொருந்துவன.