அந்த இரவு ஒலித்தபடியே வேண்டும்

கேள்வி: ஜெனிசிஸ் குழு 1974-75இல் நடத்திய ‘தி லாம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே’ கச்சேரிகள் முழுதாகக் கிடைக்க வாய்ப்புண்டா?

பதில்: ஒலி இருக்கிறது. 1975 ஜனவரி 24 அன்று லாஸ் ஏஞ்சலஸ் ஷ்ரைன் அரங்கில் பதிவானது, 1998இல் வெளியான பழம்பதிவுத் தொகுப்பில் வந்துவிட்டது. ஆனால் அது அன்று ஒலித்தபடியே அல்ல. குழுவின் அப்போதைய பாடகர் பீட்டர் கேப்ரியல் பின்னர் பல இடங்களில் குரலைப் புதிதாகப் பாடிச் சேர்த்தார். எல்லாம் மேடையில் அவர் போட்ட வேடம் செய்த வேலை. ‘ஸ்லிப்பர்மேன்’ உடையில் உடம்பெங்கும் ரப்பர் கட்டிகள் புடைத்திருக்கும். மைக்கை வாயருகே கொண்டுபோகவே முடியாது. போதாக்குறைக்குக் கடைசிப் பாட்டின்போது டேப் தீர்ந்துபோனது. ஸ்டூடியோ பதிவை வைத்துத்தான் ஒப்பேற்றினார்கள்.

படத்தைப் பொறுத்தவரை எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. மேடையில் மூன்று திரைகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்லைடுகள் என்று அவ்வளவு பாடுபட்டு நடத்திய நிகழ்ச்சி அது. ஆனால் ஒரு கச்சேரிகூட முழுநீளப் படமாக வெளிவந்ததில்லை. ரசிகர்கள் சிறிய கேமராக்களில் எடுத்த துண்டுகள்தாம் மிச்சம்.

என் ஆசையைக் கேட்டால், அமுங்கிய குரலும் தவறிய சுரமுமாக, ஒட்டுவேலை எதுவும் இல்லாத ஷ்ரைன் பதிவை அப்படியே வெளியிடட்டும். ஐம்பது வருடம் காத்திருந்தவர்கள் மனமார வாங்கிக் கேட்பார்கள்.