இதயத்துக்கு இரத்தம் கொடுப்பது யார்?

சென்ற ஆண்டு ஒரு மாலை, சென்னைக்குப் புறப்பட்ட மகளை வழியனுப்பச் செகந்திராபாத் நிலையத்துக்குப் போயிருந்தேன். நடைமேம்பாலத்தில் பாதிப் படி ஏறியபோது, நெஞ்சின் நடுவில் யாரோ கையை வைத்து அழுத்துவது போல் இருந்தது. இடது தோள் வரை இழுத்தது. கைப்பிடியைப் பற்றி இரண்டு நிமிடம் நின்றேன், போய்விட்டது. "வாயுதான்" என்று நானே தீர்ப்பும் கூறிக்கொண்டேன். ஓமத் தண்ணீர், பூண்டு ரசம் என்று பத்து நாள் கழிந்தது.

"ஏங்க, வாயுன்னா சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வரணுமே? படி ஏறினா மட்டும் எப்படி வரும்?" என்று கேட்டவள் என் மனைவி. ரயில்வேயில் பம்பும் குழாயுமாகக் காலம் தள்ளிய எனக்கு அது தோன்றவில்லை! டாக்டரும் முதலில் கேட்டது அதையேதான்: "மெட்லு எக்கிதே வஸ்துந்தா? ஆகிதே தக்குதுந்தா?" படி ஏறினால் வருகிறதா, நின்றால் குறைகிறதா?

நான் டாக்டர் அல்லன். எனினும் இக்கேள்விக்கு விடை தேடிப் படித்ததை, எனக்குப் புரிந்த பாஷையில் நம் சங்க அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

இதயம் ஒரு பம்பு அல்ல. ஒட்டி வைத்த இரண்டு பம்புகள். உடல் முழுதும் சுற்றி வந்த இரத்தம் வலது மேலறையில் சேர்ந்து, வலது கீழறை வழியாக நுரையீரலுக்குப் போகிறது. அங்கே பிராண வாயுவை ஏற்றிக்கொண்டு இடது மேலறைக்கு வந்து, இடது கீழறையிலிருந்து மகாதமனி வழியாக உடலெங்கும் பாய்கிறது. இடையே நான்கு வால்வுகள். எல்லாம் ஒரு வழிப் பாதைதான். நுரையீரல் பக்கத்திலேயே இருப்பதால் வலது பம்புக்கு வேலை லேசு. இடது பம்புதான் தலை முதல் கால் வரை தள்ள வேண்டும். ஆகவே அதன் சுவர் ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமன். டாக்டர் "120" என்று சொல்லும் அழுத்தம் பாதரச மில்லிமீட்டரில். வாக்குவம் பிரேக்கையும் பாதரச அளவில் படித்தே பழகியவன் நான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். தண்ணீரானால் ஐந்தடிக்குச் சற்று மேலே ஏற்றிவிடும்.

ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி லிட்டர், நிமிடத்துக்கு 70 துடிப்பு. அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர். ஒரு நாளில் 7,000 லிட்டர். கோடையில் நம் தெருவுக்கு வரும் 5,000 லிட்டர் டேங்கரில் ஒன்றரை டேங்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தனையையும் தள்ளுவது கைமுட்டி அளவுள்ள, 300 கிராம் எடையுள்ள ஒரு தசை.

தமனிகள் கிளை பிரிந்து பிரிந்து மயிரினும் மெல்லிய தந்துகிகளாகின்றன. கல்லணையில் சீறிப் பாயும் காவிரி, வயல் வாய்க்காலில் ஊர்ந்து போவதில்லையா, அப்படித்தான் இங்கும் வேகம் தணிகிறது. தணிந்தால்தானே கொடுக்கல் வாங்கலுக்கு நேரம் கிடைக்கும்? பிறகு சிரைகள் வழியாகத் திரும்பும் பயணம். கால் சிரைகளிலும் ஒரு வழி வால்வுகள் உண்டு. நடக்கும்போது கெண்டைக்கால் தசை பிழிந்து மேலே அனுப்புகிறது. இரத்தம் இப்படிச் சுற்றுகிறது என்று 1628இல் நூல் எழுதி நிறுவியவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி. அவர் செய்த சோதனையைக் குழந்தைகளும் செய்யலாம். கையைத் தொங்கவிட்டு, புடைத்த சிரை ஒன்றை ஒரு விரலால் அழுத்துங்கள். இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கமாக வழித்துவிட்டு, வழித்த விரலை எடுங்கள். அடுத்த வால்வு வரை சிரை காலியாகவே இருக்கும். முதல் விரலையும் எடுத்தால் கீழிருந்து நிரம்பும்.

சரி, என் படிக்கட்டு விஷயத்துக்கு வருவோம். இவ்வளவு இரத்தம் தனக்குள்ளேயே ஓடினாலும், உட்புறத்து மெல்லிய படலம் நீங்கலாக, இதயத் தசை அதை நேரே எடுத்துக்கொள்ள முடியாது. மகாதமனி தொடங்கும் இடத்திலேயே கிளம்பும் இரண்டு சிறு தமனிகள்தான் அதற்கு உணவளிக்கின்றன. இதயம் சுருங்கும்போது அவற்றின் கிளைகளும் நசுங்குவதால், முக்கியமாக இடப்பக்கத்தில், பெரும்பாலான இரத்தம் இதயம் தளரும் அந்த அரை விநாடியில்தான் பாய்கிறது. ரயில் பெட்டிகளுக்குத் தண்ணீர் பிடிப்பது வண்டி நிற்கும்போது மட்டுந்தானே! வண்டி தாமதம் என்று நிற்கும் நேரத்தைக் குறைத்தால் தொட்டி நிரம்பாது. அப்புறம் பயணிகளின் வசவு. படி ஏறும்போது நாடி வேகம் பிடிக்கிறது. தசைக்குத் தேவை கூடுகிறது. தளரும் நேரமோ குறைகிறது. நல்ல தமனி விரிந்து ஈடு கொடுக்கும். கொழுப்பு படிந்து குறுகியது என்ன செய்யும்?

குழாயின் உள்விட்டம் பாதியானால் ஓட்டம் பாதியாகாது. மற்றவை மாறாதிருந்தால், பதினாறில் ஒரு பங்காகிவிடும். டிப்ளமோவில் படித்த பாய்சொய் விதி இது. பாய்சொய் ஒரு பிரெஞ்சு மருத்துவர் என்பதும், இரத்த ஓட்டத்தை எண்ணியே அவர் ஆராய்ந்தார் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. நம் உடல், அடைப்புக்கு அப்பாலுள்ள சிறு நாளங்களை விரித்துச் சமாளிக்கிறது. அதனால்தான் விட்டம் எழுபது சதம் அடைபட்ட மனிதரும் நாற்காலியில் சௌக்கியமாக உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்.

எனக்கு எண்பது சதம். கம்பி வலைக் குழாய் ஒன்றை, அதாவது ஸ்டென்டை, வைத்துத் திறந்துவிட்டார்கள். நமக்குப் பெருமை தரும் செய்தி ஒன்று இதில் உண்டு. 1982இல் ஹைதராபாத் ஏவுகணை ஆய்வகத்தின் பொறுப்பேற்று வந்த இராமேஸ்வரத்துக்காரர் அப்துல் கலாம், இவ்வூர் இதய நிபுணர் சோமராஜுவுடன் சேர்ந்து, குறைந்த விலையில் ஸ்டென்ட் ஒன்றை உருவாக்கினார். 1998இல் வந்த அதற்குக் கலாம்–ராஜு ஸ்டென்ட் என்றே பெயர். பிற்பாடு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு விதித்தது: சாதாரண வகைக்கு 7,260 ரூபாய், மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய்.

நின்றதும் தணிந்த வலி எனக்குக் கிடைத்த எச்சரிக்கை. நின்றும் தணியாவிட்டால், குறுகிய இடத்தில் இரத்தம் உறைந்து முழுதும் அடைத்திருக்கலாம். அதுதான் மாரடைப்பு. அரைமணிக்குள்ளேயே தசை சாகத் தொடங்குகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் சில சமயம் நெஞ்சு வலியே இராது. மூச்சு வாங்கும், குப்பென்று வியர்க்கும், தாடை வலிக்கும். அப்போது ஓமத் தண்ணீர் கொதிக்க வைக்கவும் வேண்டாம், ஸ்கூட்டரை எடுக்கவும் வேண்டாம். 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹைதராபாத்தில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது. தெலுங்கு தட்டுத்தடுமாறி வந்தாலும் போதும், இருக்கும் இடத்தைச் சொன்னால் வந்துவிடுவார்கள்.