பள்ளிவாசலில் பெண்களுக்கு எங்கே இடம்?



திருச்சியில் இருக்கும் நமக்கு ஸ்ரீரங்கம் தெரியாத ஊர் அல்ல. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு மதில்கள். உள்ளே சந்நிதிகள். வெளிச்சுற்றுகளில் உத்திர வீதி, சித்திரை வீதி என மக்கள் குடியிருக்கும் தெருக்கள். யார் கோயிலை ஒட்டி வசிப்பது, யார் தள்ளி வசிப்பது என்பதைச் சாதியும் தொழிலும் முடிவு செய்த காலம் மிக நீண்டது. தெருவின் பெயரைச் சொன்னால் போதும், ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

அதே கோயிலுக்குள் துலுக்க நாச்சியார் என்று ஒரு முஸ்லிம் பெண்ணுக்கும் இடம் உண்டு. டெல்லி சுல்தானின் மகள் என்பது அவர்களுடைய மரபுக் கதை. சிலை கிடையாது, ஓவியம்தான். ரொட்டி படைக்கிறார்கள். அந்த நம்பிக்கை நம்முடையது அல்ல, அதற்குள் நான் போகவில்லை. ஆனாலும் வேற்று இனத்துப் பெண் ஒருத்திக்கு எங்கே இடம் கொடுப்பது என்று அவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

நாம் யோசித்தோமா?

நமக்குள்ளும் மதில்கள் இருக்கின்றன. ராவுத்தர், லெப்பை, மரைக்காயர், நவாப் காலத்தில் வந்து தங்கிய உருதுக்காரர். தொழுகையில் தோளோடு தோள் நிற்கிறோம், சம்பந்தம் பேசும்போது விலகிக்கொள்கிறோம். சூரத்துல் ஹுஜுராத்தின் 13ஆவது வசனத்தை எத்தனை மேடைகளில் கேட்டிருப்போம்! சமூகங்களும் கோத்திரங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்கிறது அது. கவனித்துப் பாருங்கள், கோத்திரத்தைச் சொல்வதற்கு முன்பே ஆணையும் பெண்ணையும் சொல்லித்தான் அந்த வசனம் தொடங்குகிறது.

மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் பள்ளியில் ஆண்களின் வரிசைகளுக்குப் பின்னால் பெண்கள் தொழுதார்கள். பெண்களைப் பள்ளிக்கு வரவிடாமல் தடுக்க வேண்டாம் என்ற நபிமொழியை இப்னு உமர் (ரலி) சொன்னபோது, அவருடைய மகனே "நாங்கள் தடுப்போம்" என்றார். தந்தை அவரை மிகக் கடுமையாகக் கண்டித்த செய்தி முஸ்லிமில் இருக்கிறது. பெண்கள் வீட்டில் தொழுவது சிறப்பு என்ற ஹதீஸும் உண்டு, மறுக்கவில்லை. சிறப்பு வேறு, தடை வேறு.

இடம் என்றால் தொழும் இடம் மட்டும்தானா? கவ்லா (ரலி) அவர்களின் கணவர் ளிஹார் சொல்லிவிட்டார். அதாவது, "நீ எனக்குத் தாயைப் போல" என்று சொல்லி மனைவியை ஒதுக்கிவிடும் அறியாமைக் கால வழக்கம். கவ்லா நேராக நபியவர்களிடம் வந்து வாதாடினார். அதே வீட்டில் இருந்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கே அவர் பேசியதில் சில சொற்கள் கேட்கவில்லை. அல்லாஹ் கேட்டான். சூரத்துல் முஜாதலா இறங்கியது.

நம் ஜமாஅத்தில் என்ன நடக்கிறது? தலாக், மஹர், ஜீவனாம்சம் எல்லாம் பள்ளிவாசல் நிர்வாகத்தின் முன் வருகிறது. உட்கார்ந்து பேசுவது ஆண்கள். சம்பந்தப்பட்ட பெண் வீட்டில் இருப்பாள், அவளுக்காக அண்ணனோ மாமாவோ பேசுவார். பக்கத்துப் புதுக்கோட்டையில் ஸ்டெப்ஸ் அமைப்பைத் தொடங்கிய தாவூத் ஷரீஃபா கானம், பிறகு பெண்களுக்கென்றே தனி ஜமாஅத் அமைத்தார். பலருக்குக் கோபம் வந்தது. அவர் சொன்ன எல்லாவற்றையும் நானும் ஏற்கவில்லை. ஆனால் கவ்லாவுக்குக் கிடைத்த சபை இங்கே ஒரு பெண்ணுக்குக் கிடைத்திருந்தால், தனி ஜமாஅத்துக்கு என்ன தேவை இருந்திருக்கும்?

பெண்கள் பள்ளிவாசலுக்குள் வந்து தொழ மார்க்கத்தில் தடையில்லை என்று அகில இந்திய முஸ்லிம் தனியார் சட்ட வாரியமே 2020இல் உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. தடையில்லை, சரி. கதவு எங்கே? பெருநாளைக்கு முன்னால் சிங்காரத்தோப்பிலும் பெரிய கடைவீதியிலும் துணி எடுக்க வரும் நம் பெண்களைப் பாருங்கள். அஸர் பாங்கு கேட்டதும் ஆண்கள் பள்ளிக்குள் போய்விடுவார்கள். பெண்கள் பைகளையும் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார்கள். அவர்களுக்கும் அதே அஸர் கடமைதானே?

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் தாயிடமோ மனைவியிடமோ கேளுங்கள்: கடைசியாகக் கடைவீதிக்குப் போன அன்று அஸரை எங்கே தொழுதாய்? அந்தப் பதிலோடு அடுத்த ஜமாஅத் கூட்டத்துக்கு வாருங்கள். தனி வாசல், ஒளூச் செய்யத் தண்ணீர், பத்துப் பேர் நிற்க ஒரு அறை. முதலில் அதைப் பேசுவோம்.