தொடக்கமும் முடிவும்
(பதினொன்றாம் வகுப்பு, கணினிப் பிரிவு மாணவியர்)

இம்மலரில் நீங்கள் வாசிக்கும் கதை, கவிதை, கட்டுரை அனைத்தும் முதலில் ஒரே கோப்பில்தான் இருந்தன. தங்கையரும் அக்காமாரும் எழுதித் தந்தவற்றை மதிய இடைவேளைகளில் நாங்கள் மாறி மாறித் தட்டச்சு செய்தோம். ஒவ்வொன்றின் மேலும் 'தொடக்கம்' என்று ஒரு வரி. கீழே 'முடிவு' என்று ஒரு வரி. எழுதியவர் பெயர்களை வரிசைப்படி ஒரு நோட்டில் குறித்துக் கொண்டோம். இவற்றுக்கு இடையில் எங்கள் சொந்தக் குறிப்புகளும் ("இதைக் கேட்டுத் திருத்தவும்" போன்றவை) கிடந்தன. அச்சகத்துக்குப் போகுமுன் குறிப்புகளை விட்டுவிட்டுப் படைப்புகளை மட்டும் எடுக்க வேண்டும்.

லினக்ஸ் கணினியில் இதற்குப் பழைய கருவி ஒன்று உண்டு. படமோ பொத்தானோ இல்லாத கருந்திரையில் கட்டளையை எழுத்தாகத் தட்டுவோம். 'செட்' என்பது அதன் பெயர். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் லீ மக்மேகன் என்பவர் 1973–74-இல் எழுதியது. நம் அம்மாமாரில் பலர் அன்று பிறந்தே இருக்கமாட்டார்கள்! கட்டளை ஏறக்குறைய இப்படி இருக்கும் (கட்டளைச் சொல்லையும் தனி எழுத்துக்களையும் ஆங்கிலத்தில் தட்ட வேண்டும்):

செட் -என் '/தொடக்கம்/,/முடிவு/பி' மலர்

'என்' என்பது "நான் சொல்லாமல் எதையும் காட்டாதே" என்று பொருள்படும். சாய்கோடுகளுக்குள் இருப்பவை எல்லை வரிகளின் அடையாளம். 'பி' என்றால் "அவற்றுக்கு இடைப்பட்டதைக் காட்டு". எல்லை வரிகளும் சேர்ந்தே வரும்.

வீட்டில் பழக விரும்பும் தோழியர், 1971-இல் மைக்கேல் ஹார்ட் தொடங்கிய குட்டன்பர்க் திட்டத்தின் ஆங்கில நூல் ஒன்றை எழுத்துக் கோப்பாக இறக்கிப் பாருங்கள். மூன்று நட்சத்திரக் குறிகளுடன் வரும் ஒரு வரிக்கு மேலே அறிவிப்பு, அதைப் போன்ற மற்றொரு வரிக்குக் கீழே நீண்ட விதிகள், இரண்டுக்கும் நடுவே நூல். நட்சத்திரக் குறிக்குச் செட்டிடம் வேறு பொருளும் உண்டு. ஆகவே ஒவ்வொன்றின் முன்னும் பின்சாய்கோடு இடுவது நல்லது.

எங்கள் முதல் முயற்சியில் ஒன்பதாம் வகுப்புக் கட்டுரை ஒன்று பாதியில் நின்றது. காரணம் வேடிக்கையானது. "தேர்வு முடிவு வெளியான காலை" என்று அவள் எழுதியிருந்தாள். செட்டுக்குத் தமிழ் தெரியாது. 'முடிவு' என்ற எழுத்துக்கள் வந்ததும் கடையை மூடிவிட்டது. உடனே எல்லை வரிகளை '@@தொடக்கம்', '@@முடிவு' என்று மாற்றினோம். அடையாளத்தின் முன் கூரை போன்ற குறியையும் (^) இட்டோம். வரியின் முதலிலேயே அச்சொல் நின்றால்தான் எல்லை என்று அதற்குப் பொருள்.

எல்லை வரிகள் அச்சில் வரக்கூடாது என்பதால் அடுத்து 'ஆக்' என்ற கருவிக்கு மாறினோம். 1977-இல் அஹோ, வைன்பர்கர், கெர்னிஹான் என்ற மூவர் ஆக்கியது. அவர்கள் பெயர்களின் முதலெழுத்துக்களே அதன் பெயர். தொடக்க வரி கண்டால் கொடியை ஏற்று. முடிவு வரி கண்டால் இறக்கி, ஒரு நட்சத்திர வரி போடு. கொடி மேலே இருக்கும்வரை வரும் வரிகளைக் காட்டு. இவ்வளவே நாங்கள் அதற்குச் சொன்னது.

நட்சத்திர வரிகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொன்றுக்கும் நோட்டைப் பார்த்து வரிசையாகப் பெயரிட்டு, தமிழம்மாவிடம் கொடுத்தோம். மறுநாள் அவர்கள் எங்களை அழைத்து, பத்தாம் வகுப்பு மாணவியின் மழைக் கவிதையைக் காட்டினார்கள். "மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஆச்சி பூக்கட்ட ஏன் உட்கார்ந்தாள்?" என்று கேட்டார்கள். எங்களுக்குத் திக்கென்றது.

கவிதையின் கீழே '@@முடிவு' போட நாங்கள் மறந்திருந்தோம். கொடி இறங்கவில்லை. அடுத்து வந்த தொடக்க வரி, ஏறிய கொடியையே மறுபடி ஏற்றியது, அவ்வளவுதான். ஆறாம் வகுப்புத் தங்கை தன் ஆச்சியைப் பற்றி எழுதியது கவிதையின் வாலாக ஒட்டிக்கொண்டது. அவள் பெயரோ அடுத்தவளின் கட்டுரைக்குப் போயிற்று. அதற்குப் பின் வந்த எல்லாருக்குமே பெயர் ஒன்று தள்ளிவிட்டது. கடைசிப் பெயருக்குப் படைப்பே இல்லை. நோட்டில்தான் யாரையோ இருமுறை எழுதிவிட்டோம் என்று அதை நாங்களே அடித்திருந்தோம்! கணினி ஒரு பிழையும் சொல்லவில்லை. அதன் கணக்கில் பிழையே இல்லையே.

இப்போது முதல் வேலையாக 'கிரெப்' என்ற கருவியால் எல்லை வரிகளை எண்ணிவிடுகிறோம். அன்று எண்ணியபோது தொடக்கம் 58, முடிவு 57. எங்கே குறைகிறது என்பதையும் ஆக்கிடமே கேட்கலாம்: கொடி மேலே இருக்கும்போது இன்னொரு தொடக்கம் வந்தால் அந்த வரியின் எண்ணைச் சொல் என்று. சொன்னது. ஒரு வரி சேர்த்தோம். பெயர்களை மீண்டும் முதலிலிருந்து இட்டு, அடித்த பெயரையும் திரும்ப எழுதி, ஒவ்வொரு வகுப்புக்கும் தாளை எடுத்துச் சென்று, எழுதியவரிடமே காட்டிக் கையெழுத்து வாங்கினோம். ஆறாம் வகுப்புத் தங்கை தன் பெயரை இருமுறை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டாள்.